மில்லிமீட்டர் கணக்கில் ஒரு படிப்பு

சுமார் எழுபது டிகிரி சூட்டில் இருக்கும் வெந்நீர்த் தொட்டிக்குள் கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் போடுகிறார்கள். சில நிமிடங்களில் அது துவண்டு துணி மாதிரி ஆகிவிடுகிறது. வெளியே எடுத்து, துண்டால் ஒற்றி ஈரத்தை வாங்கிவிட்டு, மேஜையில் மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் முகத்தின்மேல் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து இழுத்து இறக்குகிறார்கள். தகட்டின் ஓரங்கள் தலைக்கு அடியில் உள்ள பலகையில் பூட்டிக்கொள்கின்றன. அடுத்த சில நிமிடங்கள்தான் முக்கியம். மூக்குத்தண்டு, புருவமேடு, தாடை, மோவாய் என்று ஒவ்வொரு வளைவிலும் விரலால் அழுத்திப் படிய வைக்க வேண்டும். ஆறி இறுகியதும் அது அந்த ஒரு முகத்துக்கு மட்டுமே பொருந்தும் கவசம். வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்த அந்த மனிதர், சிகிச்சை முடியும்வரை ஏழு வாரம் அந்தக் கவசத்துக்குள்தான் படுக்கப்போகிறார்.

விரலால் அழுத்திக்கொண்டிருப்பவர் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட். எதிர்ப்பக்கம் நின்று மறு ஓரத்தைப் பிடித்திருக்கும் பெண், பி.எஸ்ஸி. ரேடியோதெரபி டெக்னாலஜி இரண்டாம் ஆண்டு மாணவி. இப்படி ஒரு படிப்பு இருப்பதே நம்மில் பலருக்கும் தெரியாது. பிளஸ் டூ முடிவு வந்து, நீட் மதிப்பெண் கைகொடுக்காமல் போய், துணை மருத்துவப் படிப்புகளின் பட்டியலைப் பெற்றோரும் பிள்ளையுமாகப் புரட்டும்போதுதான் இந்தப் பெயர் கண்ணில் படுகிறது. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, பி.டி.எஸ். கிடைக்கவில்லை, நர்சிங் வேண்டாம், சரி இதையாவது எடுப்போம் என்று வந்து சேர்பவர்கள் நிறைய. அந்த 'இதையாவது' என்ற எண்ணத்தை மாற்றத்தான் இந்தக் கட்டுரை. விரும்பித் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டிய படிப்பு இது.

2022-ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுபவர்கள் சுமார் 14 லட்சம் பேர். புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படுகிறது. அத்தனை பேரையும் மேஜையில் படுக்கவைத்து, இடம் பார்த்து, கதிரைச் செலுத்தி, எழுப்பி அனுப்பும் கைகள் வேண்டுமே! அந்தக் கைகளைத் தயார் செய்வதுதான் இந்த நான்கு வருடப் படிப்பு.

தினமும் பார்ப்பவர் யார்?

கதிர்வீச்சு சிகிச்சையில் மூன்று பேருக்கு மூன்று வேலை. எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்று முடிவு செய்பவர் புற்றுநோய்க் கதிர்வீச்சு மருத்துவர். அந்த அளவு கட்டிக்கு முழுமையாகவும், பக்கத்தில் உள்ள தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவற்றுக்கு முடிந்தவரை குறைவாகவும் போகும்படி கம்ப்யூட்டரில் திட்டம் போடுபவர் மருத்துவ இயற்பியலாளர். கருவியின் அளவைச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு. திட்டத்தை மனித உடம்பின்மீது நிறைவேற்றுபவர் டெக்னாலஜிஸ்ட். மருத்துவரை நோயாளி வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார். இயற்பியலாளரைப் பார்க்காமலே சிகிச்சை முடிந்துவிடவும் கூடும். டெக்னாலஜிஸ்ட் முகத்தைத்தான் வாரத்தில் ஐந்து நாளும் பார்க்கிறார்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வழக்கமான அளவு 70 கிரே (உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு கிரே). அதை ஒரே நாளில் கொடுத்தால் உடம்பு தாங்காது. தினம் 2 கிரே வீதம் 35 தவணையாகப் பிரிக்கிறார்கள். இரண்டு தவணைகளுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் நல்ல செல்கள் தங்களைச் செப்பனிட்டுக்கொள்ளும்; புற்றுச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. 1920-களில் பாரிஸில் க்ளோட் ரெகோ, ஆன்ரி கூத்தார் போன்றவர்கள் கண்டு சொன்ன வழி இது. இன்றைக்கும் பாடத்திட்டத்தில் கதிர்வீச்சு உயிரியல் என்ற தாளின் அச்சாணி இதுதான்.

இதில் மாணவர்கள் கட்டாயம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தவணை தள்ளிப்போனால் புற்றுச் செல்களும் பெருகும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலும் கிட்டத்தட்ட இதே கதை. எனவே பொங்கலுக்கு ஊருக்குப் போன நோயாளி வரவில்லை, அறுவடை என்று ஒருவர் நின்றுவிட்டார், பஸ்ஸுக்குக் காசில்லை என்று இன்னொருவர் வரவில்லை என்றால், சாயங்காலத்துக்குள் போனைப் போட்டுக் கேட்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். அந்தப் போனை யார் போடுவது? காலையில் வருகைப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்தான்.

பாடத்தில் என்ன இருக்கிறது?

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மற்ற துணை மருத்துவப் படிப்புகளைப் போலத்தான் போகும். அதன்பின் பாதை பிரிகிறது. கதிர்வீச்சு இயற்பியல், கருவிகள், அளவீடு, கதிர்வீச்சு உயிரியல், சிகிச்சை முறைகள், பாதுகாப்பு விதிகள் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன.

உயிரியலில் ஆர்வம் காரணமாக வந்தவர்கள் தடுமாறும் இடம் இயற்பியல். ஆனால் இந்த இயற்பியல் கரும்பலகையோடு நின்றுவிடுவதில்லை. தூரம் கூடக் கூடக் கதிரின் வலு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பது பிளஸ் டூவிலேயே படித்த விதி. லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற சிகிச்சைக் கருவியில் கதிர் பிறக்கும் புள்ளியிலிருந்து கருவி சுழலும் மையம் 100 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் படுக்கவைத்தாலே அளவு இரண்டு சதவீதம் மாறிவிடும். அளவைவிட மோசமானது, இடமும் மாறிவிடும். பிளஸ் டூவில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்த விதி இங்கே ஒரு மனிதரின் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இன்னொரு சிகிச்சைக் கருவியான கோபால்ட் கருவியின் பாடம் வேறு. அதற்குள் இருக்கும் கதிர்வீசும் மூலமான கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. அதாவது மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் அதன் வலு குறைந்துகொண்டே போகும். போன மாதம் ஒரு நிமிடம் வைத்த இடத்தில் இந்த மாதம் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். நேரக் கணக்கு தப்பினால் சிகிச்சையே தப்பிவிடும். 1951-இல் கனடாவில் முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்பட்ட இந்தக் கருவி உலகம் முழுக்கப் பரவியது. அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1957-இல் வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய நிலையம் அது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அதே கோபால்ட் தொழில்நுட்பத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் பின்னாளில் உருவாக்கிய 'பாபாட்ரான்' உள்நாட்டுக் கருவி. பெரிய நகரங்களில் லீனியர் ஆக்ஸிலரேட்டர் வந்துவிட்டது என்பதற்காகக் கோபால்ட்டைப் படிக்காமல் விட்டுவிட முடியாது.

லீனியர் ஆக்ஸிலரேட்டரில் கதிர்வீசும் பொருள் எதுவும் உள்ளே இல்லை. எலக்ட்ரான்களை மைக்ரோ அலைகளால் வேகமேற்றி டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கிறார்கள். கதிர் வெளியேறும் வாயில் மெல்லிய டங்ஸ்டன் பட்டைகள் வரிசையாக நகர்ந்து கட்டியின் உருவத்துக்கு ஏற்ப ஜன்னலைத் திறந்து மூடும். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே டெக்னாலஜிஸ்டின் நாள் தொடங்கிவிடும். லேசர் கோடுகள் சரியான புள்ளியில் சந்திக்கின்றனவா, கதவைத் திறந்தால் கதிர் நிற்கிறதா, அவசரப் பொத்தான் வேலை செய்கிறதா, கேமராவும் மைக்கும் சரியாக இருக்கின்றனவா, கதிரின் அளவு நேற்று மாதிரியே இன்றும் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் சரியாக இருப்பதைத் தினமும் பார்ப்பது சலிப்பான வேலைதான். அந்தச் சலிப்பை வென்றவர்களால்தான் இந்தத் துறை ஓடுகிறது.

0.3 நிமிடம் என்றால் எத்தனை வினாடி?

இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பதினெட்டு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். 1996-இல் கோஸ்டாரிகா நாட்டின் சான் ஹோசே நகரில், சான் ஹுவான் டே டியோஸ் மருத்துவமனையில் கோபால்ட் கருவிக்குப் புது மூலத்தைப் பொருத்தியபோது 0.3 நிமிடத்தை 30 வினாடி என்று எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். கருவியின் வலு குறைவு என்று தவறாகப் பதிவாகி, ஒவ்வொரு நோயாளிக்கும் அதிக நேரம் கதிர் வைக்கப்பட்டது. 115 பேருக்கு, வேண்டியதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கதிர் போனது. பலர் உயிரிழந்தார்கள். பிழை செய்தது கருவியல்ல. நோயாளிகளுக்கு வழக்கத்தைவிட அதிகமாகத் தோல் சிவக்கிறது, வயிற்றுப்போக்கு வருகிறது என்பதைத் தினம் பார்ப்பவர் ஒருவர் கேள்வியாக எழுப்பியிருந்தால் பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம். அப்படிக் கேட்கும் துணிச்சலை எந்தத் தாளில் சொல்லித்தருவது?

தெராக்-25 என்ற கருவியின் கதையும் பாடமாகக் கட்டாயம் இருக்க வேண்டும். 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அது மிகையான கதிரைச் செலுத்தியது. காரணம் மென்பொருளில் இருந்த பிழை. டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். கருவியை இயக்கியவர் ஓர் எழுத்தை மாற்றித் தட்டிவிட்டு வேகமாகத் திருத்தினார். திரையில் கோளாறு எண் 54 என்று வந்தது. அதற்கு என்ன பொருள் என்று கையேட்டில் தெளிவாக இல்லை. அந்தக் கருவி அடிக்கடி இப்படி ஏதாவது காட்டும் என்பதால் தொடர்வதற்கான பொத்தானை அழுத்தினார். உள்ளே நோயாளி துடித்து எழுந்திருக்க முயன்றார். வெளியே இருந்தவருக்குத் தெரியவில்லை. கேமராத் திரை இணைப்பில் இல்லை, மைக்கும் பழுது. மறுபடி கதிர் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார்.

காலைச் சோதனையில் கேமராவையும் மைக்கையும் ஏன் பார்க்கச் சொல்கிறார்கள் என்று கேட்கும் மாணவருக்கு இந்தச் சம்பவத்தைச் சொன்னால் போதும். புரியாத எச்சரிக்கை வந்தால் நிறுத்து, இயற்பியலாளரைக் கூப்பிடு, வரிசை நீண்டாலும் பரவாயில்லை. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஓர் அரசு மருத்துவமனையில் இதைக் கடைப்பிடிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

படிப்பில் எழுதாத பாடம்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கு வரும் பெண்களைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி, அரை லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, அரை மணி முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரின் பாதையிலிருந்து விலகும். முந்தைய நோயாளிக்குத் தாமதமானால் இந்த அம்மாவால் அடக்க முடியாது. போய்விட்டு வந்தால் மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. கிராமத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்தவர் அவர். நேரம் தவறாமல் வரிசையை நகர்த்துவது இங்கே வெறும் ஒழுங்கு சார்ந்த விஷயமாக இல்லை. அந்த அம்மாவின் குடலோடும் மானத்தோடும் சம்பந்தப்பட்டது.

மார்பகப் புற்றுநோய்க்கு வரும் பெண் மேலாடையைக் களைந்து, கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்க வேண்டும். ஆபரேஷன் ஆன தோள் லேசில் தூக்க வராது. அறையில் யார் இருக்க வேண்டும், யார் இருக்கக் கூடாது, துணியை எப்போது விலக்கி எப்போது மூட வேண்டும், உடம்பைத் தொடும் முன் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் சீனியர்களைப் பார்த்துப் பழகுவது. நல்ல சீனியர் கிடைத்த மாணவர் பாக்கியசாலி. "கரண்ட் வைக்கப்போறாங்களாமே, ஷாக் அடிக்குமா?" என்று கேட்பவரிடம், வலிக்காதும்மா, போட்டோ எடுக்கிற மாதிரிதான், நான் வெளியில டிவியில பார்த்துக்கிட்டே இருப்பேன், கையைத் தூக்கினா உடனே நிறுத்திடுவேன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

முகக்கவசம் போட்டுக்கொள்கிறவருக்கு மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண்ணாகும். சாப்பாடு இறங்காது. எடை குறையும். ஒருநாள் கவசத்தைப் பூட்டும்போது கன்னத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி தெரியும். உள்ளே முகம் அசைய இடமிருந்தால் மில்லிமீட்டர் கணக்கெல்லாம் வீண். முதலில் இதைக் கவனிப்பவர் டெக்னாலஜிஸ்ட்தான். அவர் சொன்னால் மருத்துவர் பார்ப்பார், புதுக் கவசம், புது சி.டி., தேவைப்பட்டால் புதுத் திட்டம். அவர் சொல்லவில்லை என்றால் சிகிச்சை அதன் போக்கில் நடந்து முடிந்துவிடும். பொத்தானை அழுத்துகிறவர் என்று இவரைக் குறைத்துப் பேசுபவர்கள் இந்த ஓர் இடத்தை யோசித்துப் பார்க்கட்டும்.

"பெண் பிள்ளையை அனுப்பலாமா?"

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கிறது. கதிர்வீச்சு பற்றிய பயம் நியாயமானது. எக்ஸ் கதிரை 1895-இல் ரான்ட்கன் கண்டுபிடித்த பிறகு அதைக் கையாண்ட முதல் தலைமுறையினர் விரல்களையும் உயிரையும் இழந்தார்கள். அவர்களுக்காக 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூணே எழுப்பப்பட்டது. அவர்கள் கொடுத்த விலையில்தான் இன்றைய விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

கதிர் பாயும் நேரத்தில் நோயாளியைத் தவிர அறையில் யாரும் இருக்கக் கூடாது. தடித்த கான்கிரீட் சுவர். கதவு திறந்தால் கதிர் தானாக நிற்கும். பணியாளர் ஒவ்வொருவரும் மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் அணிகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது சோதனைக்குப் போய் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக நடக்கும் மையங்களில் பணியாளருக்குப் படுவது இதில் மிகச் சிறு பங்குதான். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி கடற்கரையில் மண்ணிலேயே இயற்கையான கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு உண்டு, அங்கேயும் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். கருவுற்ற பெண் பணியாளர் தகவல் தெரிவித்ததும், வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதவாறு வேலையை மாற்றித்தர வேண்டும் என்பதும் விதி.

கோபால்ட் கருவியில் மட்டும் ஓர் எச்சரிக்கை. கதிர்வீசும் மூலம் திரும்ப உள்ளே போகாமல் சிக்கிக்கொள்வது அபூர்வமாக நடக்கும். அப்போது முதல் வேலை நோயாளியை வெளியே கொண்டுவருவது. பிறகு கதவை மூடிவிட்டுப் பாதுகாப்பு அதிகாரியை அழைப்பது. மாணவர்களுக்கு இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி பயிற்சி கொடுக்க வேண்டும். கொடுக்காத கல்லூரியில் சேராமல் இருப்பதே நல்லது.

சேரும் முன்

பி.எஸ்ஸி. ரேடியோகிராபி வேறு, இது வேறு. அது ஸ்கேன், எக்ஸ்ரே எடுத்து நோயைப் படம் பிடிப்பது. கலந்தாய்வில் பெயரைப் பார்த்து மாற்றி எடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். இதைப் படித்தால் மருத்துவ இயற்பியலாளர் ஆகலாம் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். அதற்கு இயற்பியலில் அடிப்படைப் பட்டம் வேண்டும், வழி வேறு. இந்தப் படிப்புக்கு மேல் எம்.எஸ்ஸி. உண்டு, ஆசிரியர் பணி உண்டு. பிரிட்டனில் வேலை பார்க்க அந்த நாட்டின் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி இனிப்பாகப் பேச மாட்டேன். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் இந்த வேலையின் பொறுப்புக்குச் சற்றும் ஈடாக இல்லை. பல கோடி ரூபாய்க்குக் கருவி வாங்கும் நிர்வாகம், அதை இயக்குபவர்களுக்குக் கொடுப்பதில் சிக்கனம் பார்ப்பது எனக்குப் புரியவே இல்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டம் இவர்களையும் பதிவுக்கு உரிய தொழில்முறையாளர்களாக அங்கீகரித்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் பலன் சம்பளத்திலும் பணியிட எண்ணிக்கையிலும் தெரிய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் புதிய கருவி திறப்பு விழா நடக்கும்போது, அதற்கு எத்தனை டெக்னாலஜிஸ்ட் பணியிடங்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன என்று நிருபர்கள் கேட்க வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சொந்தமாகச் சிகிச்சைக் கருவி இருக்கிறதா, இல்லை வேறு மருத்துவமனைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்களா? கோபால்ட், லீனியர் ஆக்ஸிலரேட்டர் இரண்டிலும் பழகக் கிடைக்குமா? சி.டி. சிமுலேட்டர் உண்டா, கவசம் செய்யும் அறை உண்டா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இரிடியம்-192 மூலத்தை உடலுக்குள்ளேயே வைத்துத் தரும் பிராக்கிதெரபி நடக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள்? நூற்றுக்கும் மேல் வரும் இடத்தில் படித்த மாணவர் இரண்டாம் வருடமே பார்த்துவிடுவதை, பத்துப் பேர் வரும் இடத்தில் படித்தவர் இன்டர்ன்ஷிப் முடிந்தும் பார்த்திருக்க மாட்டார். இன்டர்ன்ஷிப்பில் உதவித்தொகை உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களில் ஒருவரிடமாவது நேரில் பேசிவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.